நாலாம் கட்டில் குழந்தை பாடியது

பிரசவ வார்டில் தரை துடைக்கும் அந்த அம்மாளை எல்லாரும் மாப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வருஷமாக அதே வார்டு, அதே வாளி. வாய் சும்மா இருக்காது. பார்க்க வருகிறவர்கள் செருப்போடு நுழைந்துவிட்டால் அவர்கள் பாடு திண்டாட்டம்தான். ஆனால் ஒவ்வொரு கட்டிலருகிலும் மாப்பை நிறுத்திவிட்டு அரை நிமிஷம் பேசாமல் நிற்பாள். வேலைக் கள்ளி என்று சூப்பர்வைசர் முணுமுணுப்பார். அட போங்கய்யா, அவள் நின்றது குழந்தைகளின் மூச்சைக் கேட்க.

போன மாதம் ஒரு குழந்தைக்கு மூச்சுத் திணறுகிறது என்று ஓடிப்போய்ச் சொன்னாள். டாக்டர் வந்து பார்த்தால் வெறும் மூக்கடைப்பு. தலைமை நர்ஸ் எல்லார் முன்னாலும் அவளைக் காய்ச்சி எடுத்துவிட்டாள். இன்னொரு தடவை இப்படிச் செய்தால் வேறு கட்டடத்துக்கு மாற்றிவிடுவேன் என்றும் சொல்லிவைத்திருந்தாள்.

அன்று காலை நாலாம் கட்டிலைச் சுற்றி ஒரே குதூகலம். பிறந்து மூன்று மணி நேரம்கூட ஆகாத பையன், மூச்சை விடும்போதெல்லாம் மெல்ல முனகினான். அத்தைக்காரி அதைச் செல்போனில் பதிவு செய்துகொண்டிருந்தாள். வந்ததும் வராததுமாகப் பாட ஆரம்பித்துவிட்டான், அப்படியே தாய்மாமன்தான் என்று பெற்றவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த முனகல் மாப்பக்காவின் காதில் விழுந்தது. குனிந்து பார்த்தாள். மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது. துணியை விலக்கினால், ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. மாப்பை அப்படியே போட்டுவிட்டுத் தலைமை நர்ஸின் மேஜை முன்னால் போய் நின்றாள்.

"சிஸ்டர், நாலாம் கட்டில் குழந்தை முனகுது. நெஞ்சு உள்ள இழுக்குது. இதுவும் மூக்கடைப்பா இருந்தா நாளைக்கே என்னை மாத்திடுங்க. இப்ப வாங்க."

நர்ஸ் எரிச்சலோடுதான் எழுந்து வந்தாள். குழந்தையைப் பார்த்ததும் அள்ளிக்கொண்டு ஓடினாள்.

சாயங்காலம் அவன் கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில் குழாயோடு, சத்தமில்லாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். நுரையீரலில் நீர் தங்கியிருந்தது, இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். பெற்றவள் மாப்பக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எங்கள் யாருக்கும் தெரியாதது உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று கேட்டாள்.

மாப்பக்கா கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"என் பொண்ணும் ஒரு பகல் பூரா பாடினாம்மா. நான்தான் அக்கம்பக்கத்துல எல்லாரையும் கூப்பிட்டுக் கேக்க வச்சேன்."