பதினொரு மீட்டர் இறங்கிய பூமி

மத்தியானம் இரண்டு பத்துக்குப் பூமி பதினொரு மீட்டர் கீழே இறங்கியது. மைசூரில் அது என்னையும், மண்டி மொஹல்லாவில் மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தவரையும் தவிர யாருக்கும் தெரியாது.

இறங்கியது என் மகளின் பூமி. என்ஜினியரிங் கடைசி வருட ப்ராஜெக்ட். ஆலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து, இரண்டு கிலோமீட்டர் ஆழத்துப் பாறைக்குள் செலுத்தினால் மேலே இருக்கும் பாறை தாங்குமா, விரிசல் விடுமா என்று கம்ப்யூட்டரிலேயே போட்டுப் பார்ப்பது. கல்லூரி லேபில் மெஷின் படுத்துவிட்டது. வெளியூர்த் தேர்வாளர் நான்கு மணிக்கு இந்தச் சென்டருக்கே வருவதாக ஏற்பாடு. அவர் முன்னால் ஓட்டிக்காட்டாவிட்டால் இன்னும் ஆறு மாதம். பெங்களூரில் கிடைத்திருந்த வேலை அதுவரை காத்திருக்காது.

பைண்டிங் கடையிலிருந்து ரெக்கார்டை வாங்கிவரக் கிளம்பியவள் சொல்லிவிட்டுத்தான் போனாள். “அப்பா, சும்மா காவலுக்கு உக்காந்துக்கோ. எதையும் தொடாதே.”

தங்கச் சுரங்கத்தின் சர்வே ஆபீஸில் இருபத்திரண்டு வருடம் இருந்தவன் நான். எதிரே எண்கள் இருந்தால் சரிபார்க்காமல் இருக்க முடியாது. திரையில் இருந்தது பூமியின் ஆரம்ப அழுத்தம். சிட்டி பஸ்ஸில் புதிதாக ஒருவர் ஏறினால் என்ன ஆகும் என்று சொல்ல, உள்ளே ஏற்கெனவே எவ்வளவு நெரிசல் என்று தெரிய வேண்டாமா? அதுபோல, வாயுவை விடும் முன்பே பாறை எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று ஆழம் ஆழமாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். சொல்லியிருந்தாள். ஆனால் பாறையின் அழுத்தம் எல்லாம் மைனஸில்!

எங்கள் ஆபீஸில் நசுக்கினால் பிளஸ், இழுத்தால் மைனஸ். மாற்றி எழுதிய ஜூனியர்களை நான் அழவைத்திருக்கிறேன். பெற்ற பெண்ணே பூமியைப் பிடித்து இழுத்து வைத்திருக்கிறாளே என்று பதறி, ஒற்றை விரலால் நாற்பது மைனஸையும் அழித்தேன். அந்த ப்ரோகிராமில் நசுக்கினால்தான் மைனஸ் என்பது எனக்கு எப்படித் தெரியும்? பெருமையோடு ஓடவிட்டேன். வாயு ஒரு பொட்டு உள்ளே போகவில்லை, தரை இறங்கிவிட்டது. பதினொரு மீட்டர் என்று பிரிண்டரும் அச்சடித்துத் தள்ளியது.

சென்டர்காரர் எட்டிப் பார்த்தார். “ஏன் சார், ஊரே எறங்கிடுச்சா? நாம மாடிலதானே இருக்கோம், பயப்படாதீங்க.”

மைனஸ்களைத் திரும்ப வைத்தேன். எதற்கெல்லாம் இருந்தது என்று நினைவில்லாததால் ஒன்றுவிடாமல் வைத்தேன், பாறைக்குள் இருக்கும் தண்ணீரின் அழுத்தத்துக்கும் சேர்த்து. மெஷின் ஒரு வரி திட்டிவிட்டு நின்றுவிட்டது.

“சார், நீங்க போய் ஒரு காபி குடிச்சிட்டு வாங்க. மெஷினும் பாவம்.”

மூன்றேகாலுக்கு மகள் வந்தாள்.

“தொட்டியாப்பா?”

“கொஞ்சம்.”

“எதை?”

“மைனஸ் மட்டும்.”

அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். பசை காயாத ரெக்கார்டின் கடைசிப் பக்கங்களில் அந்த எண்கள் அச்சாகியிருந்தன. நான் வாசிக்க, அவள் அடித்தாள். மந்திரம்போல ஒவ்வொன்றுக்கும் முன்னால் “மைனஸ், மைனஸ்” என்றேன். தண்ணீர் வந்ததும் அவளே, “இங்க வேண்டாம்ப்பா” என்றாள். இன்றும் அந்தக் குறியைக் கண்டால் என் கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது.

நான்கடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் மறுபடி ஓடவிட்டாள். வாயு விடும் முன் தரை நகர்ந்த தூரம்: பூஜ்யம். ஒன்றுமே நடக்காததற்காக அப்படி யாரும் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். தேர்வாளர், சேலத்துக்காரர், மூச்சு வாங்க வந்தார். திரையைப் பார்க்கவில்லை. பிரிண்டரில் நான் கிழிக்க மறந்த காகிதத்தைத்தான் எடுத்தார்.

“கேஸ் விடறதுக்கு முன்னாடியே பதினோரு மீட்டர் எறங்கியிருக்கே. எப்படிம்மா?”

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். “ஆரம்ப அழுத்தம் தலைகீழா இருக்கு சார். பாரத்தைத் தாங்க வேண்டிய பாறை, பாரத்தோட சேர்ந்து கீழ இழுக்குது.”

“யார் போட்டது?”

நான் கையைத் தூக்கினேன், பள்ளிக்கூடத்தில் தூக்குவதுபோல. “எங்கப்பா சார்” என்றாள் மகள்.

அவர் திரையில் சரியானதையும் ஓட்டிக்காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, காகிதத்தை மடித்து ரெக்கார்டுக்குள் வைத்தார். “இதையும் சேர்த்து ஒட்டிடும்மா. தப்பாப் போட்டா என்ன ஆகும்னு எந்தப் பிள்ளையும் காட்டறதில்ல. நீ பாஸ். அப்பாவை மட்டும் அடுத்த வருஷம் எழுதச் சொல்லு.”