தண்ணீரில் மிதந்த துணுக்கு

எங்கள் ஆய்வகத்தில் அவளை எல்லோரும் மெழுகக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஆஸ்பத்திரியில் அறுத்தெடுக்கும் சதையெல்லாம் மெழுகில் பதிந்து அவளிடம் வரும். சீவும் இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றி, முடியைவிட மெல்லிசாகச் சீவி, வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்துவாள். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. ஒருவருடையது முடிந்ததும், மிச்சத் துணுக்கு ஏதும் மிதக்காதபடி தாளால் தண்ணீரை வழித்துவிட்டுத்தான் அடுத்தவருடையதைத் தொடுவாள். டீ குடிக்கக் கூப்பிட்டால், "இரு, தண்ணிய வழிச்சுட்டு வரேன்" என்பாள். ரிப்போர்ட் தட்டச்சு செய்யும் எனக்கு, அதைக் கேட்டே பாதி ஆயுசு போயிற்று.

போன வருடம் அவள் வெளிறிப் போனாள். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. மலம் தார் மாதிரி கறுத்திருந்தது. வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், கீழ் வழியாகவும் பார்த்தார்கள். எல்லாம் சுத்தமாக இருந்தது. இரத்தம் மட்டும் குறைந்துகொண்டே போனது.

"உள்ள யாரோ உக்காந்து குடிக்கிற மாதிரி இருக்குடி," என்றாள், சாப்பிட்டுக்கொண்டே. நான் டிபன் டப்பாவை மூடினேன்.

கடைசியில் மாத்திரை அளவுக் கேமரா ஒன்றை விழுங்கவைத்தார்கள். இரண்டு குழாயும் எட்டாத சிறுகுடலின் நடுவில், சுவரிலிருந்து ஒரு கட்டி வழவழவென்று எட்டிப் பார்த்தது. அதன் உச்சியில் ஒரு புண். குடலில் ஒரு சாண் வெட்டித் தைத்தார்கள்.

இந்த வகைக் கட்டியில் பிளவுபடும் செல்களை எண்ணுவது முக்கியம். குறைவென்றால் அவ்வப்போது ஸ்கேன் எடுத்தால் போதும். அதிகமென்றால் மூன்று வருடம் தினமும் மாத்திரை, அப்போதும் திரும்ப வருமோ என்ற பயம் போகாது.

தையல் பிரித்த மறுநாளே வந்து சக்கரத்தின் முன் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னோடதுல வேற யார் கையும் படவேணாம்," என்று ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்தே சொல்லி வைத்திருந்தாள்.

தன் குடலைத் தானே சீவினாள். தண்ணீரில் அது மிதந்தபோது குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

மூன்றாம் நாள் ரிப்போர்ட்டை நான்தான் தட்டினேன். பிளவுபடும் செல்கள் மிக அதிகம், ஒரு மூலையில் கொத்தாக. அக்கா படித்தாள். தகட்டை வாங்கி நுண்ணோக்கியில் வைத்தாள்.

"இந்த மூலை மட்டும் மத்ததுக்கு மேல ஏறி நிக்குது," என்றாள் மெதுவாக. "இது நான் இல்லடி."

"அப்புறம் யாரு?"

"அன்னிக்கு என்னோடதப் பாக்கற அவசரம். தண்ணிய வழிக்கல."

அவளுடைய மெழுகுக்கட்டியை மறுபடி சீவினோம். மூலையில் எதுவுமே இல்லை. தகடுகளைப் பார்த்து ரிப்போர்ட் சொல்லும் டாக்டரம்மா எண்ணிப் பார்த்தார். பிளவுபடும் செல்கள் மிகக் குறைவு. அக்கா என் தோளில் சாய்ந்து அழுதாள், நானும் அழுதேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பதிவேட்டின்படி, அன்று அவளுடையதற்கு முன் சீவியது, அதே வகை இரைப்பைக் கட்டியிலிருந்து ஊசியால் எடுத்த இரண்டு துணுக்குகள். வயதான ஓர் அம்மாளுடையது. அந்த அம்மாளின் தகட்டில் ஒன்றுதான் ஏறியிருந்தது. அது சாதுவான துணுக்கு. அவசரமில்லை, ஒரு வருடம் கழித்துப் பார்க்கலாம் என்று அந்த ரிப்போர்ட்டையும் நான்தான் தட்டியிருந்தேன். அந்த மெழுகை மறுபடி சீவியதும் இரண்டாவது துணுக்கு வந்தது. எங்கு பார்த்தாலும் பிளவுபடும் செல்கள்.

"நானே போன் பண்ணிச் சொல்றேன்," என்றார் டாக்டரம்மா.

"வேணாம் டாக்டர். தப்பு என்னோடது. வரச் சொல்றதயாவது நான் சொல்றேன். மத்தத நீங்க சொல்லுங்க."

இருபத்திரண்டு வருடப் பேர் போகும் என்று அவளுக்குத் தெரியும். போனை எடுத்து ஒலிபெருக்கியில் போட்டாள். மறுமுனையில் மகன்.

"ஆஸ்பத்திரியா? ரொம்ப நன்றிங்க. ரிப்போர்ட் நல்லபடியா வந்ததிலேர்ந்துதான் அம்மா நிம்மதியா தூங்கறாங்க. இப்பக்கூடத் தூங்கறாங்க. எழுப்பட்டுங்களா?"

அக்கா தண்ணீர்த் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுப்புங்க," என்றாள்.