பலா விழுந்த வயிறு

எங்கள் மலையில், வளப்பூர் நாட்டு ஊர்களில், பலா அறுக்கும்போது ஒருவர் மரத்தில் ஏறுவார், இரண்டு பேர் கீழே சாக்கை விரித்துப் பிடிப்போம். போன வருசம் மகன் மேலே, நானும் மருமகளும் கீழே. சாக்கு நைந்துபோன சாக்கு. பழம் அதைக் கிழித்துக்கொண்டு என் வயிற்றில் இறங்கியது. பழத்தோடு மல்லாந்தேன். முள் கீறியது தவிர வெளியே காயமில்லை. எழுந்து, அந்தப் பழத்தை நானேதான் வீட்டுக்குச் சுமந்தேன்.

சாயங்காலம் ஒரே வாந்தி. பக்கத்து வீட்டுக்காரி, "குடல் ஏறிப்போச்சு" என்று விளக்கெண்ணெய் போட்டு வயிற்றை நீவினாள். வலி இன்னும் கூடியது. மறுநாள் மகனும் மருமகளும் பஸ்ஸில் மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். ஒவ்வொரு வளைவிலும் உயிர் போய் வந்தது. மகன் பார்க்காதபடி சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். ஈரல், குடல் எல்லாம் நன்றாக இருக்கிறதாம்.

"பாத்தியா சாமி? பலாப்பழத்துக்கெல்லாம் ஆஸ்பத்திரியா? கெளம்பு, ஊட்டுக்குப் போலாம்" என்றேன் மகனிடம்.

அப்போது ஒரு சின்ன வயசு டாக்டரம்மா வந்தார்.

"படுங்க பாட்டி, வயித்தப் பாக்கணும்."

"உக்காந்தே இருக்கறனுங்க. மலைக்காரி பகல்ல படுக்க மாட்டாளுங்க."

மருமகள் விடவில்லை. "ஏனுங்க அத்தே, ராத்திரி பூரா தலகாணியக் கட்டிக்கிட்டுக் குனிஞ்சுதான உக்காந்திருந்தீங்க?"

அவளை முறைத்தேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"படுத்தா வலி முதுகுக்குப் போவுதா?"

இவருக்கு எப்படித் தெரிந்தது என்று பயம் வந்தது. தலையாட்டினேன்.

"இரைப்பைக்குப் பின்னாடி, முதுகெலும்ப ஒட்டி, கணையம்னு ஒண்ணு இருக்கு பாட்டி. அது நசுங்கினா மொத ஸ்கேன்ல தெரியாமலும் போகும். ரத்தம் பாத்துட்டு நாளைக்கு மறுபடி எடுப்போம். தண்ணிகூட குடிக்கக் கூடாது."

"ஊட்டுக்குப் போயிருந்தா என்னங்க ஆயிருக்கும்?" என்றான் மகன்.

"அதுல ஊறுற செரிமான நீர் உள்ளயே கசிஞ்சு..." என்று தொடங்கியவர், என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் ஸ்கேனில் கணையம் கிழிந்திருந்தது தெரிந்தது. விலாவில் குழாய் வைத்து, கசிந்ததைப் பையில் வடியவிட்டார்கள். காலையில் கண் விழித்ததும் பையைத்தான் பார்ப்பேன். ஒரு நாள் குறையும், மறுநாள் கூடும். சோறு தண்ணி இல்லை, ஊசியில் ஏறும் மருந்துதான். இத்தனை வருசம் நான் சோறு போட்ட வயிற்றில் இப்படி ஒன்று இருந்ததே எனக்குத் தெரியாது.

பை வற்றிய ஒரு காலையில் டாக்டரம்மா ஒரு கரண்டி கஞ்சி கொடுக்கச் சொன்னார். விழுங்கினேன். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் முதுகில் வலி வருகிறதா என்று அசையாமல் காத்திருந்தேன். வரவில்லை. ஆனாலும் அடுத்த கரண்டிக்கு வாய் திறக்க எனக்கு வெகு நேரம் ஆயிற்று.