சொதிக்குத் தண்ணி விடக்கூடாத படிப்பு

கிட்ட வந்து இருங்கோ. முழங்கால் ஏலாத ஆக்கள் கதிரையை இழுத்துப் போடுங்கோ. கொம்பியூட்டருக்கு நிரல் எழுதுற தொழிலில் கை நோகாது, கால் நோகாது, மண்டை மட்டும்தான் நோகும்.

ஹம்பேர்க்கில் ஹோட்டல் குசினியில் நின்று நின்று என்ரை முழங்கால் தேய்ஞ்சுபோச்சு. வேறு தொழில் பழகச் சொல்லி அரசாங்கத்து வேலைக் கந்தோர்க்காரர் 'உம்சூலுங்' வகுப்புக்கு அனுப்பிவிட்டினம். சோதனை பாஸ் பண்ணினால் இருந்து செய்யிற வேலை. இல்லாட்டி திரும்பவும் அடுப்படி. வகுப்பில் இன்னொரு தமிழ் ஆள் பவளம். முந்திக் கந்தோர்களில் நிலம் துடைச்சவ, மூளைக்காரி. பழக்கின யென்ஸுக்கு என்ரை மகன் வயது. பழக்கினது 'ஃபங்சனல் புரோகிராமிங்' என்று ஒரு நிரல் எழுதுற முறை. வயதுபோன நேரத்தில் இப்படி ஒன்றில் மாட்டுப்பட்ட ஆக்களுக்கு என்ரை நோ விளங்கும்.

சொதிப்பானை

முதல் பாடமே இடிச்சுது. ஒரு பெறுமதியை ஒருக்கா வைச்சால் பிறகு அதில் கைவைக்கக் கூடாதாம். மாற்றம் வேணுமென்றால் பழசை அப்படியே விட்டுவிட்டுப் புதுசு ஒன்று செய்யவேணுமாம்.

நான் கையை உயர்த்தி, சொதி என்றால் தேங்காய்ப்பாலில் வைக்கிற தண்ணிக்கறி என்று யென்ஸுக்கு விளங்கப்படுத்திவிட்டுக் கேட்டேன்: "ரெண்டு பேர் கூட வந்தால் நாங்கள் சொதிக்குத் தண்ணி விடுவம். அது பிழையோ?" யென்ஸுக்கு வலு சந்தோசம். "பெரிய பிழை! அந்தப் பானையைத் தொடாதேங்கோ. புதுப் பானையில் புதுச் சொதி வையுங்கோ."

பவளம் என்ரை காதுக்குள் கேட்டா: "அண்ணை, இந்தாள் வீட்டில பானை கழுவுறது ஆர்?"

தேத்தண்ணி

நல்ல கட்டளை எப்ப கேட்டாலும் ஒரே மறுமொழிதான் தருமாம். வேறு ஒரு அலுவலிலும் தலைபோடாதாம். வீட்டிலிருந்து உதாரணம் கேட்டார் யென்ஸ். "என்ரை மனுசி. தேத்தண்ணி கேட்டால் தேத்தண்ணி வரும்" என்றேன், பெருமையாய்.

பவளம் விடேல்லை: "அக்காட்டைக் கேட்டால் தேத்தண்ணியோட உங்கட தம்பி செய்த கூத்தும் சேர்ந்தெல்லே வரும், அண்ணை!"

வாசல்படி

ஒரு கட்டளை தன்னைத் தானே திரும்பக் கூப்பிடலாமாம். அதுக்கு நான் எங்கட ஆக்கள் விடைபெறுறதை எழுதினேன். 'போட்டு வாறம்' சொல்லு; சப்பாத்தைப் போடு; மிச்சக் கதை இருந்தால் கதைச்சுப்போட்டுத் திரும்பவும் 'போட்டு வாறம்' சொல்லு. கொம்பியூட்டர் கொஞ்சநேரம் முனகிப்போட்டுப் படுத்திட்டுது. எங்கே நிப்பாட்டுறது என்று நான் எழுத மறந்துபோனன். "உங்கட ஆக்கள் எப்பதான் நிப்பாட்டுவினம்?" என்று யென்ஸ் தலையைச் சொறிஞ்சார்.

பவளம் சொன்னா: "வீட்டுக்காரர் லைட்டை நூர்த்தால்."

தட்டுக் கணக்கு

கடைசிச் சோதனைக்கு ஆளுக்கொரு அழைப்பு அட்டை தந்தினம், ஒரு விருந்தாளியைக் கூட்டிவரலாம் என்று. நான் எழுதின நிரல், எங்கட ஆக்களின் கொண்டாட்டத்துக்கு இத்தனை அட்டை குடுத்தால் எத்தனை தட்டுப் போடவேணும் என்று சொல்லும். சோதிக்க வந்த அம்மா 'ஒரு அட்டை' என்று அடிச்சுப் பார்த்தா. திரையில் 'ஏழு' என்று விழுந்துது.

"ஒரு அட்டைக்கு ஒரு ஆள். இது பிழை" என்று பேனையை எடுத்தா. எனக்குக் குசினி அடுப்பின் வெக்கை முகத்தில் அடிச்சுது.

பவளம் எழும்பிப்போய்க் கதவைத் திறந்தா. தன்ரை ஒற்றை அட்டையை அவ தங்கச்சிக்குக் குடுத்திருந்தா. தங்கச்சி வந்தா, பின்னால புருசன், மூன்று பிள்ளைகள், மாமி, வடைப்பெட்டியோட பாரிஸிலிருந்து வந்துநின்ற பெரியம்மா. சோதிக்கிற அம்மா ஒவ்வொரு தலையாய் எண்ணிப்போட்டுத் திரையைப் பார்த்தா.

"நிரல் சரி. கதிரைதான் காணாது."

இப்ப நான் இருந்து வேலை செய்யிறன் என்றால் அது என்ரை நிரலின் திறத்தால் இல்லை, எட்டாவதாய் வந்த தன்ரை மச்சானைப் பவளம் படிக்கட்டிலேயே நிப்பாட்டி வைச்சதால்தான்.