சிவம் அண்ணையும் என் போட் ஹீற்றரும்

சிவம் அண்ணை செத்துப்போனார். இன்று காலை, மோர்டனில், வீட்டு வாசலிலேயே... ஹார்ட் அட்டாக்காம். பஸ்ஸில் வரும்போது வாட்ஸ்அப்பில் பார்த்தேன்.

அதற்குக் கீழேயே ஒருவர் கேட்டிருந்தார், "ஆர், அந்த ஜெயிலுக்குப் போன ரவுடி மெக்கானிக்கோ?" போனைத் தூக்கி அடிக்கத் தோன்றியது. அடிப்பதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு... கணவனின் அடி தாங்காமல் வீட்டை விட்டு வந்த நான், கால்வாயில் ஒரு பழைய போட்டில் குடியிருக்கிறேன். குளிருக்கு ஒரேயொரு டீசல் ஹீற்றர். அதைத் திருத்த வந்தவர்தான் சிவம் அண்ணை.

முதல் நாளே ஏச்சு. டீசலை மிச்சம் பிடிக்க ஹீற்றரை எப்போதும் லோவிலேயே ஓட விட்டிருந்தேன். அது எரிகிற பகுதியைக் கழற்றி, கரையில் ஓங்கி ஓங்கி அடித்துக் கட்டி கட்டியாகக் கரியைக் கொட்டினார்.

"எப்ப பார்த்தாலும் சிம்மில வைச்சா கரி பிடிக்காம என்ன செய்யும்? கிழமைக்கு ஒருக்கா எண்டாலும் ஃபுல்லில எரிய விடு, விசரி!"

எனக்கும் கோபம் வந்தது. அவருடைய ஸ்பானரை எடுத்துக் கால்வாய்க்குள் எறிந்தேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கரையில் நின்ற தன் வான் வண்டிக்குப் போய் இன்னொன்றைக் கொண்டு வந்தார்.

அடுத்தது அந்த ஜனவரி...

ஹீற்றர் பற்றவில்லை. மூன்று தரம் முயன்றேன். கேபின் முழுக்க வெள்ளைப் புகை, கார்பன் மொனொக்சைட் அலாரம் அலறுகிறது. வெளியே பாய்ந்து விழுந்து முழங்கால் கிழிந்தது.

அண்ணை வந்து ஃபியூஸ், பம்ப், பற்றரி எல்லாம் பார்த்தார். எல்லாம் சரி. கடைசியில் வெளியே போய்ப் புகைக்குழாய்க்குள் பிளையரை விட்டு இழுத்தார்.

சிவப்புத் துணி. இறுக்கி அடைத்திருந்தது. இழுக்க இழுக்க வந்தது, சரிகைக் கரையோடு...

"இது கலியாணக் கூறைச் சீலையெல்லோ?"

"ஓம் அண்ணை. என்ரதான். அந்த வீட்டு அலுமாரிக்குள்ள விட்டிட்டு வந்தது."

அண்ணை என்னையும் வானில் ஏற்றிக்கொண்டு ஸ்ட்ரெதமுக்கு, என் கணவனுடைய கடை வாசலுக்குப் போனார். ஸ்பானரால் அடித்தார். அவன் தாடை உடைந்தது. பல் ரோட்டில் தெறித்தது.

நான் வானுக்குள் இருந்து பார்த்தேன். நிறுத்தச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், இன்னும் இரண்டு அடி விழாதா என்று இருந்தது.

பொலிஸ் அந்தத் துணியைக் காட்டி யாருடையது என்று கேட்டது. தெரியாது என்றேன். அவன் திரும்பி வந்து என்னை முடித்துவிடுவான் என்ற பயம்... அவன் என்னைக் கொல்லப் பார்த்ததற்கு வேறு சாட்சி இல்லை; அண்ணை ஜெயிலுக்குள் போனார்.

வெளியே வந்த பிறகும், ஒவ்வொரு குளிருக்கும் முன்னால் வந்தார். ஹீற்றரைத் தொட முதல், புகைக்குழாய்க்குள் விரலை விட்டுப் பார்ப்பார். அந்தச் சீலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை, கோழை.

ரவுடி என்று எழுதியவர் இதை வாசிக்கட்டும். பொலிஸும் வாசிக்கட்டும். அவனும் வாசிக்கட்டும்.

ஓம் அண்ணை, அது என்ர கூறைதான். போயிட்டு வாங்கோ.