கரண்டைப் பற்றி யாரும் சொல்வதில்லை

இண்டர்மீடியட், அதாவது பிளஸ் டூ, படிக்கப் போவதாக என் மனைவி அறிவித்தபோது, நான் பக்கத்து வீட்டுக்காரருக்கு பென்ஷன் வாழ்நாள் சான்று எடுக்கும் முறையைப் போனில் விளக்கிக்கொண்டிருந்தேன். சித்தூரில் கல்வித் துறை அலுவலகத்தின் தேர்வுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்தப் படிப்புக்கு எந்தக் கட்டத்தில் யாருடைய கையெழுத்து வேண்டும் என்பது எனக்கு என் ரத்த வகையைவிட நன்றாகத் தெரியும். திருப்பதிக்குக் குடிவந்த பிறகும் தெருவில் பாதிப் பேர் என்னிடம் வந்துதான் கேட்பார்கள். என் மனைவி மட்டும் எதையும் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை. சொன்னாள்.

“ஓபன் ஸ்கூல்ல இண்டர் சேரப் போறேன். சயின்ஸ் குரூப்பு.”

அவள் நகரியில் பிறந்தவள். வீட்டோடு விசைத்தறிக் கொட்டகை. தமிழ் வழியில் பத்தாவது படித்து, அறிவியலில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தாள். அதற்கு மேல் அறிவியல் படிக்க வேண்டுமானால் உள்ளூரில் தெலுங்கு அல்லது ஆங்கிலம். தமிழில் படிக்க மாநில எல்லையைத் தாண்டித் திருத்தணிக்குப் போக வேண்டும். “பொம்பளப் புள்ளய தெனமும் பஸ் ஏத்தி அனுப்பிச்சி சயின்ஸு படிக்க வெச்சி இன்னா பண்ணப் போறோம்?” என்று அவளுடைய நைனா கேட்டார். அந்தக் கேள்வியே முடிவாகிவிட்டது. கல்யாணம் ஆகும்வரை தறிக்கு நூல் சுற்றினாள். எந்த குரூப் வேண்டும் என்று அவளை யாரும் கேட்கவில்லை.

ஆந்திரத்தில் குரூப் என்பது லேசான விஷயம் இல்லை. பத்தாவது முடித்த பிள்ளையிடம் பேரைக் கேட்பதற்கு முன்பே குரூப்பைக் கேட்பார்கள். கணிதம், இயற்பியல், வேதியியல் என்றால் எம்.பி.சி.; அவன் இன்ஜினியர். கணிதத்துக்குப் பதிலாக உயிரியல் என்றால் பை.பி.சி.; அவள் டாக்டர். இரண்டும் இல்லாமல் வரலாறு, வணிகவியல் என்று சொன்னால், கேட்டவர் குரலைத் தாழ்த்தி, “பரவால்ல, குரூப் எக்ஸாம் எழுதலாம்” என்பார். துக்கம் விசாரிப்பதில் எங்கள் ஊர்க்காரர்கள் நாகரிகமானவர்கள்.

விஷயம் பிள்ளைகளுக்குப் போயிற்று. பெங்களூரிலிருந்து மகனும் சூளூர்பேட்டையிலிருந்து மகளும் வீடியோ காலில் கூடினார்கள்.

“ஆர்ட்ஸ் எடும்மா, ஈஸியா பாஸ் ஆய்டலாம்” என்றாள் மகள்.

“சயின்ஸுதான் வேணும்னா பைபிசி எடு” என்றான் மகன். “உனக்கு சுகர் இருக்குது, நைனாவுக்கு பீ.பி. இருக்குது. யூஸாவாவது இருக்கும். மேத்ஸ் எல்லாம் இந்த வயசுல எதுக்கு?”

“எம்பிசி” என்றாள் என் மனைவி.

“ஏம்மா?”

“டேய், ஒடம்பப் பத்தி டாக்டர் சொல்றாரு, நர்ஸு சொல்றா, எதிர்வீட்டுக்காரி சொல்றா, கேக்காமயே உங்க நைனா சொல்றாரு. கரண்டப் பத்தி யாருடா எனக்குச் சொன்னாங்க? சின்ன வயசுல எங்க வூட்ல மோட்டாரு ஓடிக்கினே இருக்கும். ஒரு நாள் நின்னுடும். ஆள் வந்து என்னமோ பண்ணுவான், ஓடும். இன்னா பண்ணேன்னு கேட்டா, ‘உனக்கு எதுக்கு பாப்பா’ம்பான். எனக்கு எதுக்குன்னு நான் பாத்துக்கிறேன்.”

வீடியோ கால் முடிந்தது. சிக்னல் போய்விட்டதாக மகன் பிறகு சொன்னான்.

திருப்பதியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு படிப்பு மையம் இருந்தது. பொறுப்பாளர் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்திருந்தார். என் மனைவியைப் பார்த்ததும், “ரண்டி மேடம், அங்கன்வாடியா?” என்று தெலுங்கில் வரவேற்றார். முப்பது வயதைத் தாண்டிய பெண்கள் அவரிடம் வருவது பதவி உயர்வுக்குச் சான்றிதழ் வாங்கத்தான். அவர்கள் எல்லாரையும் அவர் கலைப் பிரிவில் சேர்த்துவிடுவார். செய்முறைத் தேர்வு இல்லை, ஆய்வகம் தேட வேண்டாம், யாருக்கும் தொல்லை இல்லை.

“எம்பிசி” என்றாள் அவள்.

“எந்துக்கு மேடம்? படிச்சி ஏம் ஆவணும்? எம்செட் எழுதுறீங்களா?” என்று சிரித்தார். எம்செட் என்பது இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வு. நுழைவுத் தேர்வுக்கு இல்லாமல் ஒருவர் இயற்பியல் படிப்பார் என்பது அவர் மட்டுமல்ல, இந்த மாவட்டத்தில் யாரும் கேள்விப்படாத செய்தி.

“தெரிஞ்சிக்கணும்.”

“அதுக்கு யூட்யூப் இருக்குதே மேடம்.” சொல்லிக்கொண்டே தட்டச்சு செய்தார். கூடப் போயிருந்த என் பக்கம் திரும்பினார். “இப்போதிக்கு ஆர்ட்ஸ் போட்டுடறேன் சார். தருவாத சேஞ்ச் பண்ணிக்கலாம்.”

தருவாத என்றால் ‘அப்புறம்’. அலுவலக அகராதியில் அதற்கு ‘ஒருபோதும் இல்லை’ என்று பொருள். அந்த அகராதியின் சில பக்கங்களை எழுதியவனே நான்தான். பட்டனை அமுக்குவதற்கு முன் திரையை இந்தப் பக்கம் திருப்பச் சொன்னேன். உங்கள் மையத்தில் ஆய்வகம் இல்லையென்றால் ஆய்வகம் உள்ள மையத்தில் சேர்வது மாணவரின் உரிமை, மையத்துக்கு வசதி என்பதற்காக குரூப்பை மாற்ற உங்களுக்கு அதிகாரம் இல்லை என்று விளக்கினேன். அமைதியாகத்தான் விளக்கினேன். இருந்தும் பின்னால் வரிசையில் நின்ற இரண்டு அங்கன்வாடிப் பெண்கள் தங்கள் குரூப்பையும் திரையில் காட்டச் சொன்னார்கள். பொறுப்பாளர் எங்களைச் சீக்கிரம் வழியனுப்புவதில் ஆர்வம் காட்டினார்.

சித்தூரில் ஆய்வகம் உள்ள கல்லூரி ஒன்றில் சேர்ந்தாள். அங்கே பொறுப்பில் இருந்த பெண் விரிவுரையாளர் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. “கிளாஸுக்கு வரணும்மா. லேப்ல நின்னுக்கினே இருக்கணும், முட்டி வலி தாங்குமா?” என்று மட்டும் கேட்டார்.

“துணிக்கடையில நிக்கறப்ப தாங்குதே” என்றாள் இவள்.

அடுத்த சிக்கல் மொழி. தெலுங்கில் கேட்டால் அவளுக்குப் புரியும், எழுத வராது. ஆங்கிலத்தில் எழுத வரும், புரியாது. எனக்குத் தெரிந்த எந்த விதியிலும் இதற்கு வழி இல்லை. அவளே கண்டுபிடித்தாள். திருத்தணிக்குப் போய்த் தமிழ்நாட்டின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகங்களை வாங்கி வந்தாள். ஒரு மாநிலத்துப் புத்தகத்தில் புரிந்துகொண்டு, இன்னொரு மாநிலத்துப் பாடத்திட்டத்தில் மூன்றாவது மொழியான ஆங்கிலத்தில் எழுதிப் பழகினாள். மின்தடை, ரெசிஸ்டன்ஸ், நிரோதம் என்று மூன்று பேரும் சமையலறையில் ஒன்றாகக் குடியிருந்தார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் பிறந்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் இப்படிப் படிக்கத் தோன்றாது.

வகுப்புக்கு பஸ்ஸில் சித்தூர் போவோம். கூடப் படித்த பையன்கள் முதலில் அவளை ஆன்ட்டி என்றார்கள். கணக்கைச் சரியாகப் போட ஆரம்பித்ததும் அக்கா ஆனாள். கல்லூரிச் சமுதாயத்தில் இது பதவி உயர்வு. எனக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை; கடைசிவரை ‘அக்கா ஊட்டுக்காரரு’தான்.

பிறகு செய்முறைத் தேர்வு வந்தது. இதைப் பற்றி எனக்கு ஓரளவு சொல்ல முடியும். செய்முறைத் தேர்வில் தோற்றவரை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. செய்முறை செய்தவரையும் அதிகம் பார்த்ததில்லை. வழக்கம் இதுதான்: மாணவர் கருவியின் முன்னால் நிற்பார், தன் ரெக்கார்டில் எழுதியிருக்கும் அளவுகளைப் பார்த்து விடைத்தாளில் எழுதுவார், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் முழு மதிப்பெண்ணுக்குக் கொஞ்சம் குறைவாகப் போடுவார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லாரும் விஞ்ஞானிகள்.

வெளியாட்கள் தேர்வறைக்குள் வரக்கூடாது என்ற அறிவிப்பை ஒட்டியவர்கள் பரம்பரையில் வந்தவன் என்பதால் நான் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆய்வகக் கதவு திறந்தே இருந்தது. அவளுக்கு வந்தது ஓம் விதி. பேட்டரி, மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டர், வோல்ட்மீட்டர் என்று ஒவ்வொன்றாக இணைத்தாள். சாவியைப் போட்டாள். முள் அசையவில்லை. எடுத்துவிட்டு மறுபடி போட்டாள். அசையவில்லை.

பக்கத்து மேஜைப் பையன் கிசுகிசுத்தான். “அக்கா, இங்க எதுவும் ஓடாது. ரெக்கார்டப் பாத்து எழுதிட்டு வந்துடு.”

தேர்வாளர் வந்தார். வயதில் என் மகனைவிடச் சின்னவர், மரியாதை தெரிந்தவர். “அம்மா, பழைய மீட்டரு. நின்னுக்கினு கஷ்டப்பட வாணாம். உக்காருங்க, ரீடிங்கை ரெக்கார்டுல இருந்து எழுதிடுங்க. மார்க்கு நான் போட்டுடறேன்.”

தாழ்வாரத்தில் நான் கணக்குப் போட்டேன். அவர் கொடுப்பது நிச்சயமான மதிப்பெண். மறுத்துவிட்டு, முள் அசையாமல் போனால் பூஜ்யம். தேர்ச்சியே போகும். நானாக இருந்தால் உட்கார்ந்திருப்பேன், நன்றியும் சொல்லியிருப்பேன்.

“மார்க்கு போடறதுக்கா சார் நான் இத்தன தூரம் பஸ்ஸுல வந்தேன்?” என்றாள். “நீங்க அந்தப் பசங்களப் பாருங்க. எனக்கு டைம் இருக்குதில்ல?”

“இருக்குது, ஆனா...”

“அப்ப இருங்க.”

ஒவ்வொரு கம்பியாகக் கழற்றினாள். முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு கம்பியின் முனையில் கரண்டைத் தடுக்கும் பூச்சு சுரண்டப்படாமல் அப்படியே இருந்தது. “உப்புத்தாள் இருக்குதா?” என்று ஆய்வக உதவியாளரிடம் கேட்டாள். அவர் அதைத் தேடி எடுத்துக் கொடுத்த விதத்தைப் பார்த்தால், தேர்வு நாளில் யாரும் கேட்டதில்லை என்று தெரிந்தது. தேய்த்தாள். செம்பு பளிச்சென்று வெளியே வந்தது. திருப்பி இணைத்துச் சாவியைப் போட்டாள்.

“அக்கா, கதுலுதுக்கா!” பக்கத்து மேஜைப் பையன் தேர்வறை என்பதையே மறந்துவிட்டான். முள் நகர்ந்திருந்தது.

தேர்வாளர் அங்கேயே நின்று, அவள் எடுத்த அளவுகளை முழுக்கப் பார்த்தார். வரைபடத்தாளில் புள்ளிகளைக் குறித்து அவள் அளவுகோலை வைத்தபோது நேர்கோடு வந்தது. ஒரு புள்ளி மட்டும் கொஞ்சம் தள்ளி நின்றது. “அதை மேல ஏத்திடலாமே” என்று யாரோ சொன்னார்கள். “அது வந்த இடம் அதுதான்” என்று விட்டுவிட்டாள். அவள் வெளியே வரும்போது உள்ளே நாலைந்து பேர் உப்புத்தாளுக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனது பற்றி விஞ்ஞானிகள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

முடிவுகள் வந்த அன்று அவள் எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தாள். செய்முறையில் முழு மதிப்பெண். இயற்பியல் எழுத்துத் தேர்வில் அந்த மையத்திலேயே அவளுக்குத்தான் அதிகம். முழு மதிப்பெண்ணுக்கு ஒரு கணக்கு மட்டும் குறைந்தது. மகன் பெங்களூரிலிருந்து கூப்பிட்டுச் சத்தம் போட்டான். மகள் அழுதாள். நான் எனக்குத் தெரிந்த வழியில் மகிழ்ந்தேன்: “மறுகூட்டலுக்குப் போடலாம். நடைமுறை எனக்குத் தெரியும், நாளைக்கே...”

“வாணாங்க” என்றாள். “அது எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும். பேட்டரி செல்லுக்குள்ளயே ஒரு ரெசிஸ்டன்ஸ் இருக்குது. நான் அதைச் சேக்காம வுட்டுட்டேன். இருங்க, காட்டறேன்.”

பால் கணக்கு அட்டையின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்க ஆரம்பித்தாள். பாதிக்கு மேல் எனக்குப் புரியவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தேன்.