நாலாங்கட்டையில் பாடிய பூனைப் பாட்டு

பதினோரு வயதில் நான் ஒரு பாடகிக்கு மேனேஜராக இருந்தேன். சிரிக்காதீர்கள். நேம் கார்டில் என் பெயரும் அச்சாகியிருந்தது, அக்காவின் பெயருக்குக் கீழே, கொஞ்சம் பொடி எழுத்தில்.

அக்கா அப்போதுதான் ஈப்போவில் பார்த்துக்கொண்டிருந்த துணிக்கடை வேலையை விட்டிருந்தாள். இனிமேல் தானே பாட்டெழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடிப் பிழைக்கப் போவதாக வீட்டில் அறிவித்தாள். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். அப்பா தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். தக்காளி வாங்கப் போனால்கூட ஆயிரம் கேள்வி கேட்பார். அக்காவிடமும் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்து, கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். தீபாவளிக்குள் மூன்று இடத்தில் பாட வேண்டும், மூன்றிலும் சொந்தப் பாட்டு.

"அவங்களா பாடச் சொல்லிக் கூப்பிடணும். நீயா போயி நின்னு பாடுறது கணக்குல வராது."

தவறினால் அவருடைய தொழிற்சாலை ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை. அதைக் கேட்ட அக்கா மறுநாளே சமையலறைச் சுவரில் பெரிய காலண்டரை மாட்டினாள். செவ்வாயும் வியாழனும் ஒத்திகை. வெள்ளிக்கிழமை ஒரு பாட்டைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போடுவது. குளியலறையில் குரல் நன்றாக விழுகிறது என்று பதிவெல்லாம் அங்கேயே நடந்தது. அந்த நேரம் பார்த்து யாருக்காவது வயிறு சரியில்லாமல் போனால் வீடே ரெண்டுபடும்.

போன் மட்டும் என் பொறுப்பு. "பாடகியே போன எடுத்தா மதிப்பு இருக்காதுலா" என்று அக்கா சொல்லிவிட்டாள். நான் படிவம் மாதிரி ஒரு பாரம் தயார் செய்தேன். கூப்பிடுகிறவர் பெயர், நாள், நேரம், இடம், எத்தனை பாட்டு, மைக் உண்டா, சாப்பாடு உண்டா. ரூலர் வைத்துக் கோடு போட்டு, பத்துப் பிரதி எடுத்துக் கோப்பில் வைத்திருந்தேன். அதைப் பார்த்து எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

கூப்பிட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் சினிமாப் பாட்டுதான் கேட்டார்கள். சொந்தப் பாட்டுக்கு ஒரே ஒரு இடம் அமைந்தது, கோலா கங்சாரில் ஒரு புத்தகக் கடைத் திறப்பு விழா. பிறகு போன் வாயே திறக்கவில்லை. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஓர் இளைஞர் மன்றத்து அண்ணன் பேசினார். குடும்ப தினமாம். மீன் சந்தைப் பூனையைப் பற்றி அக்கா எழுதிய பசார்ப் பூனைப் பாட்டை வீடியோவில் பார்த்தார்களாம், அதைத்தான் பாட வேண்டுமாம். நான் குதித்துக்கொண்டே பாரத்தை நிரப்பினேன். ஞாயிறு, நாலு மணி, நாலாங்கட்டை, கோயில் பக்கத்துத் திடல்.

எங்கள் பக்கத்தில் டவுனிலிருந்து நாலாவது மைல் நாலாங்கட்டை. எங்கள் குடும்பத்துக்கு நாலாங்கட்டை என்றால் சிம்பாங் பூலாய்ப் பக்கம் இருப்பதுதான். அப்பா பிறந்த ரப்பர் தோட்டம் அங்கேதான் இருந்தது. தோட்டம் போய் வீடுகள் நிறைந்த தாமான் வந்த பிறகும் பெயர் மாறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா கூட்டாளியின் வேனை வாங்கி வந்தார். ஸ்பீக்கர், கீபோர்டு, அம்மா, நான் எல்லாரும் ஏறி இரண்டு மணிக்கே போய் இறங்கினோம். கோயிலும் இருந்தது, திடலும் இருந்தது, கூடாரமும் போட்டிருந்தது. கூடாரம் முழுக்க பலூன். முகப்பில் ஒரு குட்டிப் பெண்ணின் படம், மூன்றாவது பிறந்தநாள் வாழ்த்து. அப்பா இடுப்பில் கை வைத்து அந்தப் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். யாரிடமும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

"என்னலா வேடிக்க? பொட்டிய எறக்குங்க" என்றார்.

"குடும்ப தினம்னு சொன்னியேடி?" என்று அக்கா என் காதைப் பிடித்தாள்.

"குடும்பம்தானே நிக்கிது. பாடு" என்றார் அப்பா.

பிறந்தநாள் பிள்ளையின் அம்மா ஓடி வந்தார். "யாருண்ணே அனுப்புனா? எங்க சின்னத் தம்பியா? ஒரு வார்த்த சொல்லல பாருங்க!"

அப்பா அக்காவைக் கை காட்டினார். "என் மகதான். சொந்தமா எழுதுன பாட்டு. பாடச் சொல்லுறீங்களா?" என்று கேட்டார்.

"ஐயோ, பாடச் சொல்லுங்கண்ணே!"

அக்கா பாடினாள். மீன் கடைக்காரரை ஏமாற்றும் பசார்ப் பூனை கூடாரத்துக்குள் வந்துவிட்டது. பிறந்தநாள் பிள்ளை தரையில் தவழ்ந்து மியாவ் என்றது. பிறகு மாமாக்கள், அத்தைகள், பிரியாணி பரிமாறியவர் என்று மொத்தக் கூட்டமும் மியாவ். மூன்று முறை பாட வைத்தார்கள். அக்காவின் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பிரியாணியில் கை வைத்தேன், போன் அடித்தது.

"தங்கச்சி, எங்க இருக்கீங்க? புறப்பட்டாச்சா?"

"வந்துட்டோமே அண்ணே! நாலாங்கட்டையில."

"எந்த நாலாங்கட்ட?"

"சிம்பாங் பூலாய்."

"அட கடவுளே! இது ஹுத்தான் மெலிந்தாங்லா!"

பாரத்தில் ஊர் என்று ஒரு கட்டம் போட எனக்குத் தோன்றவே இல்லை. ஊருக்கு ஊர் ஒரு நாலாங்கட்டை இருக்கும் என்று யார் கண்டது? கைச் சோறோடு ஓவென்று அழுதேன். அக்காவை நானே கிராணி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டேனே! அக்கா மைக்கைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அப்பா மட்டும் ஏற்கெனவே ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மணி நேரத்துல வாரோம்னு சொல்லு பாப்பா."

வேன் பறந்தது. நாங்கள் போய்ச் சேரும்வரை அந்த அண்ணன்மார் கூட்டத்தைக் கலையவிடாமல் கயிறு இழுக்கும் போட்டியை மூன்றாவது தடவையாக நடத்திக்கொண்டிருந்தார்கள். அக்கா மைக்கைப் பிடித்ததும் சிவந்த உள்ளங்கைகளோடு தட்டினார்கள். இந்தக் கூட்டத்துக்குப் பூனைப் பாட்டு முன்பே மனப்பாடம்.

திரும்பும் வழியில் அப்பா ஸ்டியரிங்கில் விரலைத் தட்டினார். "கோலா கங்சார் ஒன்னு. சிம்பாங் பூலாய் ரெண்டு. ஹுத்தான் மெலிந்தாங் மூனு. ஆச்சுலா."

அக்கா சட்டென்று நிமிர்ந்தாள். "இல்லப்பா, அந்த சிம்பாங் பூலாய்..."

எனக்குத் திக்கென்றது. அப்பா பாவம், கூப்பிடாத இடத்தையும் சேர்த்து எண்ணிவிட்டார், இவள் வேறு ஞாபகப்படுத்தப் பார்க்கிறாளே! மேனேஜர் எதற்கு இருக்கிறேன்? அப்பா கண்ணாடியில் பார்ப்பதற்குள் அக்காவின் தொடையில் அழுத்தி ஒரு கிள்ளு கிள்ளினேன்.